கலங்கிய தண்ணீரில் மாப்பிள்ளை தேடும் மீன்கள்!

பட்டுப்புடவை எடுக்கப் போகும் பெண்கள் தேர்வைக் கடைக்குள்ளேயே முடித்துவிடுவதில்லை. பத்துப் புடவைகளை விரித்துப் பார்த்து, மனசுக்குப் பிடித்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துடுறேன்’ என்று வாசல் பக்கம் வருவார்கள். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெயிலில் மெரூனாக இருக்கும். ‘மயில்கழுத்து’ என்று கடைக்காரர் சொன்னது வெறும் பச்சையாக நிற்கும். புடவை அதேதான். மேலே விழும் வெளிச்சம் வேறு.

இதே சிக்கல் மீன்களுக்கும் உண்டு. அதிலும் மாப்பிள்ளையின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பெண் மீன்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்னை. வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கும் வசதி அவற்றுக்குக் கிடையாது. தண்ணீருக்குள் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறதோ, அதில் எந்த நிறம் மிச்சம் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் தேர்வு. வெளிச்சம் மாறினால் தேர்வும் மாறும். தேர்வு மாறினால் சில தலைமுறைகளில் ஒரு மீன் இனமே இல்லாமல் போகலாம். விஷம் வேண்டாம், வலை வேண்டாம், செத்து மிதக்கும் மீன்கள்கூட வேண்டாம்!

நம்ப முடியவில்லையா? ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்குப் போகலாம்.

வண்ணங்களின் ஏரி

ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிட வேண்டாம். தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் விக்டோரியா ஏரியின் பரப்பு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! ஆனால், பரப்புக்கு ஏற்ற ஆழம் இல்லை. மிக ஆழமான இடத்திலேயே 80 மீட்டர் அளவுதான்.

இந்த ஏரியின் பெருமை ‘சிக்லிட்’ என்னும் மீன் குடும்பம். நமக்கும் அறிமுகமான குடும்பம்தான். மீன் சந்தையில் ‘ஜிலேபி’ என்று கூவி விற்கிறார்களே, அந்தத் திலேப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து நம் ஊருக்கு வந்த சிக்லிட். கேரளத்துக்காரர்கள் வாழை இலையில் சுற்றிப் பொரித்துக் கொண்டாடும் கரிமீனும் அதன் தூரத்துச் சொந்தம். விக்டோரியா ஏரியில் மட்டும் இந்தக் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன.

இதில் ஆச்சர்யம் எண்ணிக்கை அல்ல, வேகம். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரி வறண்டு கிடந்தது என்பதற்கு அதன் அடிமண்ணில் ஆதாரம் இருக்கிறது. மறுபடி தண்ணீர் நிரம்பிய பிறகுதான் இத்தனை இனங்களும் பிரிந்து பெருகியிருக்க வேண்டும். பரிணாமத்தின் கணக்கில் 15,000 ஆண்டு என்பது கண் சிமிட்டும் நேரம்.

இத்தனை இனங்களும் எப்படி வந்தன என்பதைப் புரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் இரண்டே இரண்டு மீன்களைப் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் உள்ளங்கையில் அடங்குபவை. இரண்டின் உடம்பிலும் கறுப்புப் பட்டைகள் உண்டு. ஸ்வாஹிலி மொழியில் வரிக்குதிரைக்கு என்ன பெயரோ, அதையே இவற்றுக்கு அறிவியல் பெயராக வைத்துவிட்டார்கள். ஒன்றின் ஆண், முதுகில் ரத்தச் சிவப்பும் விலாவில் மஞ்சளுமாக ஜொலிக்கும். தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேவின் பெயரைச் சேர்த்து, ‘நியரேரி’ என்று அழைக்கப்படுவது இதுதான். இன்னொன்றின் ஆண், உலோகம்போல மின்னும் நீலம். இங்கே அவற்றைச் சிவப்பு மீன், நீல மீன் என்றே வைத்துக்கொள்வோம்.

பெண் மீன்கள்? இரண்டு இனத்திலும் மங்கலான பழுப்பு மஞ்சள்தான். அக்கா, தங்கைபோல அச்சு அசலாக இருக்கும். எது சிவப்பு வீட்டுப் பெண், எது நீல வீட்டுப் பெண் என்று பிரித்துச் சொல்வது பழகிய ஆய்வாளர்களுக்கே கஷ்டம்.

தேர்வு பெண் கையில்!

இங்கே பெண் பார்க்கும் படலம் கிடையாது. மாப்பிள்ளை பார்க்கும் படலம்தான். ஆண் மீன் கரையோரப் பாறை இடுக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, போட்டிக்கு வரும் ஆண்களை விரட்டிக்கொண்டிருக்கும். பெண் மீன் அந்தப் பக்கம் வந்தால் துடுப்புகளை விரித்து, பக்கவாட்டில் திரும்பி, உடம்பைச் சிலிர்த்து, தன் நிறத்தை முழுசாகக் காட்டும். பிடித்தால் பெண் பின்னாலேயே போகும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த பாறை.

பெண் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முட்டையிட்ட உடனே அவற்றை வாயில் எடுத்து அடக்கிக்கொள்வது பெண் மீன்தான். ஆணின் அடித்துடுப்பில் முட்டைபோலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அவற்றையும் முட்டை என்று நினைத்துக் கொத்தப்போகும்போது, ஆணின் உயிரணுக்கள் பெண்ணின் வாய்க்குள் சேர்ந்து, அங்கேயே முட்டைகள் கருவுறுகின்றன. அதன்பின் ஏறக்குறைய மூன்று வாரம் வாயிலேயே அடைகாப்பு. சரியாகச் சாப்பிட முடியாது, வேகமாக நீந்த முடியாது. ஆண் இந்தப் பாடு எதிலும் பங்கெடுப்பதில்லை. அடுத்த பெண்ணுக்காகத் துடுப்பை விரித்துக்கொண்டிருக்கும். வளர்ப்புச் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் என்றால், தகப்பனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் இருக்க முடியுமா?

நிறம் வெறும் பகட்டும் அல்ல. மார்ட்டீன் மான் என்னும் நெதர்லாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்த மீன்களைப் பிடித்துச் சோதித்தபோது, பளிச்சென்ற ஆண்களிடம் ஒட்டுண்ணிகள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அதாவது, நிறம் ஒரு மருத்துவச் சான்றிதழ் மாதிரி. மனிதர்களின் வரன் பார்க்கும் விளம்பரங்களில் ‘நல்ல நிறம்’ என்று போடுவதற்கு இப்படி ஒரு நியாயமும் கிடையாது என்பது வேறு விஷயம்.

சிவப்பு மீனும் நீல மீனும் கலந்தால் என்ன ஆகும்? குஞ்சுகள் ஆரோக்கியமாகப் பிறக்கும். பெரிதாகி, அவையும் குஞ்சு பொரிக்கும். குதிரையும் கழுதையும் சேர்ந்து மலடான கோவேறு கழுதை பிறக்கிறதே, அந்த மாதிரித் தடை எதுவும் இங்கே இல்லை. இரண்டு இனங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு, பெண்ணின் கண்ணுக்கும் அது செய்யும் தேர்வுக்கும்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்ததன் தீவிரம் புரியும்.

ஆழத்தில் சிவப்பு, மேலே நீலம்

இரண்டு மீன்களும் ஒரே பாறைக் கரையில்தான் வாழ்கின்றன. ஆனால் வெவ்வேறு மாடியில். தெளிவான இடங்களில் நீல மீன் மேல்மட்டத்தில் இருக்கும். சிவப்பு மீன் சில மீட்டர் கீழே.

கடலில் முக்குளித்தவர்கள், இது தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று கேட்பார்கள். சுத்தமான கடல்நீரில் முதலில் காணாமல் போவது சிவப்பு. ஆழத்தில் எல்லாமே நீலமாக இருக்கும், சிவப்புத் துணி கறுப்பாகத் தெரியும். விக்டோரியா ஏரியின் தண்ணீர் வேறு மாதிரி. அதில் பாசியும் மண்துகளும், இலைதழை மக்கிக் கரைந்த சாயமும் கலந்திருக்கின்றன. இவை நீல வெளிச்சத்தை முதலில் விழுங்கிவிடும். கொஞ்சம் கீழே போனால் மிஞ்சுவது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்தான். கட்டஞ்சாயா ஊற்றிய கண்ணாடி டம்ளர் வழியாக விளக்கைப் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெளிச்சத்தில் நீல உடம்புக்கு வேலையே இல்லை. எதிரொளிக்க நீலம் வந்தால்தானே? சிவப்பு உடம்பு அங்கே பளிச்சென்று தெரியும்.

மேலே நீலம், கீழே சிவப்பு என்று ஆண்கள் பிரிந்ததற்கு இணையாகக் கண்களும் பிரிந்திருக்கின்றன என்பதுதான் பெரிய கண்டுபிடிப்பு. கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் புரதத்துக்கு ஆப்சின் என்று பெயர். நம் கண்ணிலும் உண்டு. சிவப்புப் பக்கத்து ஒளியை வாங்கும் ஆப்சினுக்கான ஒரு மரபணு, இந்த இரண்டு மீன்களிலும் சற்றே வித்தியாசமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆழத்து மீனின் கண் சிவப்பைக் கூடுதலாக உணரும். மேல்மட்ட மீனின் கண் அந்த அளவுக்கு உணராது. ஓலே ஸேஹௌசன் தலைமையிலான குழு 2008-ல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டது. வெளிச்சம் கண்ணை வடிவமைக்கிறது. கண் ரசனையை வடிவமைக்கிறது. ரசனைக்கு ஏற்ப மாப்பிள்ளைகளின் நிறம் கூடுகிறது. இடையில் மலையோ, மதிலோ எழும்பாமலே ஒரே ஏரியில் ஓர் இனம் இரண்டாகப் பிரிய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ரசனை பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா? நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதையும் பார்த்துவிட்டார்கள். குஞ்சிலிருந்தே சில மீன்களை ஏரியின் மேல்மட்ட வெளிச்சம்போன்ற விளக்கின் கீழும், சிலவற்றை ஆழத்து வெளிச்சம்போன்ற விளக்கின் கீழும் வளர்த்தார்கள். மேல்மட்ட வெளிச்சத்தில் வளர்ந்த பெண்கள் நீலத்தின் பக்கம் சாய்ந்தன. ஆழத்து வெளிச்சத்தில் வளர்ந்தவை சிவப்பின் பக்கம். எந்த வீட்டுப் பெண் என்பதைவிட எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது என்பது பெரிதாக இருந்தது. இன்னொரு பரிசோதனையில், தன் இனத்துக்குப் பழக்கமான வெளிச்சத்தில் வளர்ந்தவை அதிகம் பிழைத்தன. மாற்று வெளிச்சத்தில் வளர்ந்தவை அதிகம் செத்தன.

ஆரஞ்சு விளக்கின் கீழே...

இவை எல்லாவற்றுக்கும் முன்னோடி ஒரு சோதனை. எல்.இ.டி விளக்குகள் வருவதற்கு முன் நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஆரஞ்சு நிற சோடியம் விளக்குகள் இருந்தன. அதன் கீழே நிறுத்திய வண்டி சிவப்பா, பச்சையா என்று சொல்லவே முடியாது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஸேஹௌசனும் அவருடைய ஆசிரியர் ஜாக் வான் ஆல்ஃபனும் மீன்தொட்டிக்கு மேல் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் சாதாரண வெள்ளை வெளிச்சம். பெண்ணுக்கு முன் ஒரு சிவப்பு ஆண், ஒரு நீல ஆண். சிவப்பு வீட்டுப் பெண் சிவப்பையும், நீல வீட்டுப் பெண் நீலத்தையும் தேர்ந்தெடுத்தன. பிறகு, நிற வித்தியாசத்தையே மறைத்துவிடும் ஒற்றை ஆரஞ்சு வெளிச்சம். அதே பெண்கள் இப்போது இரண்டு ஆண்களுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. வாசனை, உருவம், நடனம் என எல்லாமே அப்படியேதான் இருந்தன. நிறம் மட்டும் போனதும் ‘நம் ஆள்’, ‘வேற்று ஆள்’ என்ற கோடு அழிந்துவிட்டது.

சோதனைச் சாலையில் விளக்கை மாற்றினால் நடக்கும் இந்த வேடிக்கை, ஏரியிலேயே நடந்துகொண்டிருந்தது என்பதுதான் அதிர்ச்சி.

தான்சானியாவின் ம்வான்ஸா நகரத்தை ஒட்டிய வளைகுடாவில் லைடன் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 1977 முதலே மீன்களைக் கணக்கெடுத்துவந்தது. ஸேஹௌசன், வான் ஆல்ஃபன், ஃபிரான்ஸ் விட்டே மூவரும் சேர்ந்து பல இடங்களில் தண்ணீரின் தெளிவையும் மீன்களையும் ஒப்பிட்டு, 1997-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்த இடங்களில் ஆண் மீன்களின் நிறங்கள் பளிச்சென்று, வகைவகையாக இருந்தன. இனங்களும் அதிகம். கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கி, இனங்களும் குறைந்திருந்தன.

தெளிவை அளக்க அவர்கள் கையாண்ட கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு வட்டத் தட்டு, ஒரு கயிறு. அவ்வளவுதான்! ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-ல் அறிமுகப்படுத்தியது. தட்டைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டே போக வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறதோ, அதுதான் அந்த நீரின் தெளிவு. மகோபே என்ற தீவின் கரையில் அது இரண்டு மீட்டருக்கும் கீழே போய்த்தான் மறைந்தது. அங்கே சிவப்பும் நீலமும் தனித்தனி இனங்களாக, சுத்தமாகப் பிரிந்திருந்தன. வளைகுடாவின் உட்பகுதியில் இருக்கும் லுவான்சோ தீவில் தட்டு அரை மீட்டரிலேயே காணாமல் போய்விட்டது. அங்கே இருந்தது ஒரே கூட்டம். கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் நீலம், இரண்டுக்கும் இடையில் எல்லா மங்கல் நிறங்களும்.

ஏரி ஏன் கலங்கியது?

மனிதர்களால்தான். கரைகளில் காடு அழிந்தது, விவசாயம் பெருகியது, ஊர்கள் வளர்ந்தன. மழை, மண்ணையும் உரச்சத்தையும் கழிவையும் அடித்துக்கொண்டு ஏரிக்குள் வந்து சேர்த்தது. பாஸ்பரஸ் சத்து கூடினால் பாசிக்குக் கொண்டாட்டம். தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது.

இதில் இன்னொரு வில்லனுக்கும் பங்கு உண்டு. 1950-களில், நல்ல மீன்பிடி வேண்டும் என்று நைல் பெர்ச் என்னும் பெருமீனைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரக்கூடிய வேட்டை மீன் அது. 1980-களில் அது பெருகியபோது சிக்லிட்டுகள் அள்ளி விழுங்கப்பட்டன. ஏறக்குறைய 200 இனங்கள் காணாமல் போயின. உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோகம் இது. பேசப்படாத உபகதை ஒன்று உண்டு. அதற்கு முன் கரையோர மக்கள் சின்ன மீன்களை வெயிலில் காயவைத்துக் கருவாடு ஆக்கிவிடுவார்கள். நைல் பெர்ச்சோ கொழுப்பு மிகுந்த பெரிய மீன். வெயிலில் காயாது, புகைபோட வேண்டும். புகைபோட விறகு வேண்டும். விறகுக்கு மரம் வெட்ட வேண்டும். மரம் போனால் மண் ஏரிக்கு வரும். ஏரி இன்னும் கலங்கும்.

போதாக்குறைக்கு, நம் ஊர் ஏரி குளங்களை மூடிக் கிடக்கிறதே, அதே ஆகாயத்தாமரை 1990-களில் அங்கேயும் பாய் விரித்தது. உரச்சத்து நிறைந்த நீரில் அது எப்படிச் செழிக்கும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நைல் பெர்ச் தின்ற மீனுக்குக் கணக்கு உண்டு. கலங்கலால் போன மீனுக்கு அப்படிக் கணக்கு வைப்பது கஷ்டம். மீன்கள் இருக்கின்றன, நீந்துகின்றன, முட்டையிடுகின்றன, வலையிலும் விழுகின்றன. இரண்டு இனங்களாக இருந்தவை ஒன்றாகிவிட்டன என்பதை, பத்து இருபது ஆண்டு அதே பாறையில் கணக்கெடுத்தவர் தவிர யாரும் கவனிக்க முடியாது. ரசனையும் அதற்கேற்பத் தேய்கிறது. தெளிந்த நீர்ப் பெண்கள் சிவப்பு கூடிய ஆண்களைத் தேடுகின்றன. கலங்கல் நீரில் வாழ்பவற்றுக்கு அந்த நாட்டம் குறைந்திருக்கிறது என்று மார்ட்டீன் மானின் குழு 2010-ல் எழுதியது. கண்ணுக்கே தெரியாத சிவப்பைத் தேடி என்ன பயன்?

பொய் சொல்லும் மாப்பிள்ளைகள்

ஆப்பிரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்கு வந்தால், அங்கே மூன்று முள் ஸ்டிக்கிள்பேக் என்று ஒரு சின்ன மீன். முதுகில் மூன்று முட்கள் துருத்திக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். இதில் ஆண்தான் பொறுப்பான தகப்பன். செடித் துணுக்குகளை ஒட்டிக் கூடு கட்டி, முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறி, குஞ்சுகளைக் காவல் காக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொண்டை செக்கச்செவேல் என்றாகிவிடும்.

மன்ஃப்ரெட் மிலின்ஸ்கி, தியோ பாக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் செய்த சோதனை, பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது. பெண்கள் அதிகம் சிவந்த ஆணைத்தான் விரும்பின. மீன் வளர்ப்பவர்கள் அஞ்சும் வெள்ளைப்புள்ளி நோயை அந்த ஆண்களுக்கு வரவழைத்ததும் சிவப்பு மங்கியது. பெண்களின் விருப்பமும் மாறியது. விளக்கைப் பச்சையாக்கினார்கள். சிவப்பு தெரியாத அந்த வெளிச்சத்தில், ஆரோக்கியமான ஆணுக்கும் நோயாளிக்கும் பெண்களால் வித்தியாசம் காண முடியவில்லை.

பால்டிக் கடலின் ஃபின்லாந்துக் கரைகளிலும் இன்று பாசி மண்டிவிட்டது. அங்கே ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் உல்ரிகா கேண்டோலினும் சகாக்களும் இதே மீனைக் கவனித்துவருகிறார்கள். தெளிந்த நீரில், நோஞ்சான் ஆண் ஒன்று ஆட்டம் போட்டுப் பெண்ணைக் கவரப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் பலசாலி ஆண் பார்த்துவிடும் என்ற பயம் உண்டு. அதனால் நோஞ்சான் அடக்கி வாசிக்கும். யார் பலசாலி என்று பெண்ணுக்கும் தெரிந்துவிடும். கலங்கல் நீரில் பலசாலியின் கண்ணில் படும் பயம் இல்லை. நோஞ்சானும் பலசாலிக்குச் சமமாக ஆடத் தொடங்கிவிடுகிறது! ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோட முடியாமல் போகிறது. சேறு, மாப்பிள்ளை வீட்டாரின் பொய்க்குத் துணைபோகிறது என்று சொல்லலாம்.

வெளிச்சத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் மீன்களும் உண்டு. கொசுப்புழுவைத் தின்பதற்காக நம் ஊரில் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விடுகிறார்களே, அந்தக் கப்பி மீனுக்குச் சொந்த ஊர்களில் ஒன்று கரீபியனின் டிரினிடாட் தீவு. காட்டோடைகளில் வாழும் ஆண் கப்பியின் உடலில் ஆரஞ்சு, நீலம், கறுப்புப் புள்ளிகள். பளிச்சென்று இருந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். வேட்டை மீனுக்கும் பிடிக்கும், வேறு காரணத்துக்காக. ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் கவனித்ததில், ஆண் கப்பிகள் காதல் ஆட்டத்தைப் பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் வைத்துக்கொள்கின்றன. அந்நேரத்து மங்கல் ஒளியின் நிறத்தில், பெண் கப்பியின் கண்ணுக்கு அவை எடுப்பாகத் தெரியும். எதிரியின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நடுப்பகலில் ஆடினால் உயிருக்கு ஆபத்து. ஆரஞ்சு விளக்கின் கீழ் வைத்தால் கப்பிப் பெண்களும் ஆரஞ்சுப் புள்ளிக்கு மயங்குவதில்லை என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான்.

கலப்பு என்றாலே கெடுதலா?

மறுபடி விக்டோரியா ஏரிக்கு. கலங்கலில் இனங்கள் கலந்துவிட்டன என்று படித்ததும், ‘கலப்பு’ என்பதையே கெட்ட வார்த்தையாக நினைத்துவிடக் கூடாது. மீன் கதையை மனிதர்களின் கல்யாணத்துக்குப் பொருத்திப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரலாம். அது அடிப்படையிலேயே தப்பு. மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே இனம்.

மீன்களிலேயேகூட விஷயம் அவ்வளவு எளிதல்ல. 2017-ல் வெளியான மரபணு ஆய்வுகளின்படி, விக்டோரியா ஏரிப் பகுதியின் இத்தனை சிக்லிட் இனங்களுக்கும் ஆரம்பமே ஒரு கலப்புதான். ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன், தொலைவில் பிரிந்துபோன இரண்டு மீன் வம்சங்கள் சந்தித்துக் கலந்தன. சிவப்பைக் கூடுதலாக உணரும் கண் ஒன்றிடமிருந்தும், குறைவாக உணரும் கண் இன்னொன்றிடமிருந்தும் வந்திருக்கின்றன. அந்த இரட்டைச் சொத்தை வைத்துக்கொண்டுதான் பிறகு மேல்மட்டம், ஆழம் என்று மீன்கள் பிரிந்தன.

அப்படியென்றால் லுவான்சோவில் கலந்த மீன்களும் நாளை பிரிந்துவிடாதா? பிரியலாம். ஆனால், முன்பு கலந்தவற்றுக்கு முன்னால் தெளிவான ஏரி ஒன்று காத்திருந்தது. மேலிருந்து கீழே போகப்போக வெளிச்சம் படிப்படியாக நிறம் மாறும் ஏரி. பிரிவதற்கு அந்தப் படிகள் வேண்டும். மகோபே தீவின் கரையில் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகச் சில மீட்டர் இறங்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் அந்த மட்டத்துக்கான கண் பழகிக்கொள்ள இடம் இருக்கிறது. லுவான்சோவில் இந்த மாற்றம் முழுவதும் மிகக் குறைந்த ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு மீன் காலையில் மேயப்போய்த் திரும்பினாலே எல்லா வெளிச்சத்தையும் கடந்து வந்துவிடும். எந்த வெளிச்சத்துக்கு அதன் கண் பழகும்?

அதனால்தான் இந்த ஏரியை ஆராய்பவர்கள், எந்த மீனைக் காப்பாற்றலாம் என்று பட்டியல் போடுவதோடு நிற்பதில்லை. ஏரிக்கு வரும் மண்ணையும் உரத்தையும் சாக்கடையையும் குறைப்பது மீன்பிடித் தடையைப் போலவே முக்கியம் என்கிறார்கள். நைல் பெர்ச்சை மனிதர்கள் அதிகம் பிடிக்கத் தொடங்கிய 1990-களுக்குப் பிறகு, சில சிக்லிட் இனங்கள் மறுபடி தலைகாட்டியிருக்கின்றன. வேட்டைக்காரன் குறைந்தால் எண்ணிக்கை கூடும். நிறம் கூட வேண்டுமென்றால் தண்ணீர் தெளிய வேண்டும்.

லுவான்சோவின் கரையில் ஆண் மீன்கள் இப்போதும் இடம் பிடித்துக்கொண்டு, துடுப்பை விரித்து, உடம்பைச் சிலிர்த்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அரை மீட்டருக்கு அப்பால் தெரியாத நீரில், பெண்கள் பக்கத்தில் வந்து பார்க்கின்றன.